கறுப்பு நூலுக்குக் கஞ்சி

'என்னமோ என்னமோ... அப்பறம் சாமானப் பாரு.' சென்னியப்ப மாமா இப்படி ஒன்று சொல்வார். முன்பாதி எனக்கு வருவதே இல்லை. முலாம் பட்டறை வைத்திருந்தவர், என் அக்காவின் மாமனார். மொதல்ல தண்ணியப் பாரு என்பாரா, கரண்டப் பாரு என்பாரா, ஞாபகம் இல்லை. பின்பாதி மட்டும் நிற்கிறது. நீங்கள் பெட்டியைத் திறந்து மாத்திரை அட்டைகளை அடுக்கினீர்கள் இல்லையா, அப்போது மறுபடி வந்தது.

மருந்துக் கம்பெனி என்றீர்கள். இந்த பஸ்ஸில் சேலம் வரைக்கும். நான் பெங்களூர். மடியில் இருக்கிற இந்த நூல் சுருளா? தொட்டுப் பாருங்கள், ஒன்றும் செய்யாது. வெள்ளிச் சரிகை மாதிரி இருக்கிறது, கனமே இல்லை, அல்லவா? உள்ளே கார்பன். மேலே நிக்கல்.

கார்பன் என்றால் கரிதான் சார். கரியை நூலாக இழுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் இழை சேர்ந்தது ஒரு நூல். ஓர் இழை தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பன்னிரண்டாயிரம் பேருக்கும் தனித்தனியாகச் சட்டை போட வேண்டும், நிக்கல் சட்டை. வெளியே நிற்பவனுக்குப் போட்டுவிட்டு நடுவில் இருப்பவனை அம்மணமாக விட்டால் வேலை கெட்டது. பிறகு இதைப் பொடிப்பொடியாக நறுக்கிப் பிளாஸ்டிக்கில் கலந்து டப்பா செய்வார்கள். எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் செல்போனைப் போட்டு இறுக்கி மூடினால் சிக்னல் செத்துப்போகும் பாருங்கள். அதே வேலையை ஒரு பிளாஸ்டிக் டப்பா செய்ய வேண்டும், எடையும் கூடக் கூடாது. அவ்வளவுதான் சங்கதி.

பதினேழு வருடம் ஜெர்மனியில் இதே வேலை செய்தேன். ஊர்ப்பாசத்தில் திரும்பவில்லை. எங்கள் பிரிவை மூடினார்கள், வந்தேன். மனைவியும் மகளும் அங்கேயே இருக்கிறார்கள், மகளுக்குப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம். அங்கே வேலையை விட்டுப் போகிறவனுக்கு ஒரு கடிதம் கொடுப்பது வழக்கம். அது இல்லாமல் இன்னொரு இடத்தில் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். எனக்கும் கொடுத்தார்கள். 'நேரத்துக்கு வருவார். எல்லோரோடும் இணக்கமாகப் பழகுவார். அவர் நலமாக இருக்க வாழ்த்துகிறோம்.' நான் ஒன்பது வருடம் நின்று கட்டிய முலாம் இயந்திர வரிசையைப் பற்றி ஒரு சொல் இல்லை. பொய் ஒன்றும் எழுதவில்லை, பாருங்கள். ஆனால் அந்த ஊரில் படிக்கத் தெரிந்தவனுக்குத் தெரியும், எழுதாமல் விட்டதுதான் அந்தக் கடிதத்தின் செய்தி. இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன். எதற்கென்று தெரியவில்லை. அது கிடக்கட்டும்.

கோயமுத்தூர் குறிச்சியில் மச்சானுக்கு ஷெட் இருக்கிறது. மச்சான் என்றால் தெய்வசிகாமணி, சென்னியப்ப மாமாவின் மகன், அக்காவின் கணவர். பம்பு உருப்படிகளுக்கு முலாம் பூசுகிறார். பாதி ஷெட்டை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்.

"இரும்புக்குப் பூசியிருக்கறோம், பித்தாளைக்குப் பூசியிருக்கறோம். கரிக்கு எவனாச்சும் பூசுவானா மாப்ள?" என்றார்.

"பூசினால் பெங்களூர்க்காரன் வாங்குவான்" என்றேன்.

"அப்பச் சரி. வாங்கறவன் இருந்தா எங்கூட்டு நாய்க்குக்கூடப் பூசலாம்."

பெங்களூர் கம்பெனியில் ஹெக்டே என்று ஒரு இன்ஜினியர். சாம்பிள் பார்த்துத் திருப்தியானால் வருடம் முழுக்க எடுத்துக்கொள்கிறோம் என்றார். எனக்கு வயது நாற்பத்தெட்டு. இது நடக்கவில்லை என்றால் அடுத்தது என்ன என்று அக்கா கேட்டாள். அடுத்தது ஒன்றும் இல்லை என்றேன். வருத்தமாகச் சொல்லவில்லை. இல்லாததை இல்லை என்று சொன்னேன்.

சித்திரையில் வரிசையை ஓட்ட ஆரம்பித்தோம். மாதேஸ்வரி அப்போது வந்தவள்தான். குமாரபாளையத்துக்காரி. பதினாறு வயதிலிருந்து தறிப்பட்டறையில் பாவு, அதாவது நெடுக்கு நூல், பிணைத்தவள். அறுந்த நூலைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே கண்டுபிடித்து முடிச்சுப் போடுவாள். புருஷனுக்குக் கோயமுத்தூர் லாரி ஆபீசில் வேலை கிடைத்ததால் வந்திருந்தாள். நூல் தெரிந்த கை வேண்டும் என்று நான்தான் தேடினேன். முதல் நாளே கார்பனைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"ஏனுங்ணா, இது உசுரே இல்லாத நூலாட்ட இருக்குதுங்க."

"உயிர் இருக்கிற நூல் எது?"

"பருத்தி இழுத்தா கொஞ்சம் குடுக்கும். இது குடுக்கவே மாட்டீங்குது. ஒடியுது."

சரியாகத்தான் சொன்னாள். இந்த நூல் ஜப்பானிலிருந்து வரும்போது மேலே ஒரு பசை இருக்கும். பசை இருந்தால் நிக்கல் ஒட்டாது. ஆகவே முதலில் அடுப்பில் விட்டுப் பசையை எரிக்க வேண்டும். எரித்ததும் நூல் பஞ்சாகிவிடும். ரோலரில் சுற்றும், ஒடியும், பறக்கும். பறக்கிறது கரி, மின்சாரம் கடத்தும் கரி. எங்கே போய் உட்காருகிறதோ அங்கே ஃபியூஸ் போகும். மச்சானின் எடை மெஷின் செத்தது. பக்கத்து லேத் பட்டறையில் ஃபேன் ரெகுலேட்டர் புகைந்தது. அந்தப் பட்டறைக்காரன் வந்து வாசலில் நின்று, "ஏனுங்க, உள்ள முலாம் போடறீங்களா, சூனியம் வெக்கறீங்களா?" என்று கேட்டான். அக்கா என் சட்டையைத் தனி வாளியில் போட்டாள். "உன்ற சட்டையோட சேத்தித் தொவைச்சு எஞ்சேலையெல்லாம் அரிக்குது" என்றாள்.

பஸ் ஏறியதும் ஒரு பெண்ணின் கையைப் பற்றி ஆரம்பித்தேனே, அதைத்தானே கேட்கிறீர்கள்? வருகிறேன். அதற்கு முன்னால் வேலை புரிய வேண்டும்.

நிக்கல் தொட்டி என்பது பச்சைத் தண்ணீர். வெதுவெதுப்பாக இருக்கும். நூல் அறுந்தால் யாராவது முழங்கை வரை கையை விட்டு, அடியில் இருக்கிற ரோலரில் மறுபடி கோர்த்துவிட வேண்டும். கையுறை வாங்கிக் கொடுத்தேன். சிவப்புக் கையுறை, நல்ல கனமானது. ஒரு நாள் போட்டாள். கையுறையோடு நூல் தெரியவில்லை என்றாள். தெரியாதுதான். அன்றைக்கு ஓடிய மீட்டர் பாதி. கையுறையைக் கழற்று என்று நான் சொல்லவில்லை. மீட்டர் குறைந்திருக்கிறதே என்றுதான் சொன்னேன். மறுநாள் பார்த்தால் கையுறை ஆணியில் தொங்கியது. அது இன்றைக்கும் அங்கேயே தொங்குகிறது, புதுசு மாதிரி.

முதல் சாம்பிள் அனுப்பினோம். ஹெக்டே நூலைக் குறுக்கே அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் அனுப்பினார். ஓரத்து இழைக்கெல்லாம் நிக்கல் வளையம், நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. உள்ளே போகவே இல்லை. படத்தை மச்சானிடம் காட்டினேன். "வெளிய மாப்பிள்ளை, உள்ள கரி" என்றார். ஆனி முழுக்க அதே கதை. வெப்பத்தை மாற்றினேன், வேகத்தை மாற்றினேன். படம் வரும், நடுவில் கறுப்பு.

ஆடி பிறந்து ஒரு வாரத்தில் ஆம்பியரை எட்டிலிருந்து ஆறாகக் குறைத்தேன். சரியாகிவிட்டது. அன்றைக்கே, சார். நூல் பறக்கவில்லை, ரோலர் சுத்தமாக இருந்தது. அறுத்துப் பார்த்தால் நடு வரை வெள்ளை. நோட்டில் தேதி போட்டு, ஆறு ஆம்பியர் என்று எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தேன். ஹெக்டேவுக்கு நீளமாக ஒரு விளக்கம் அனுப்பினேன். மெதுவாகக் கொடுக்கிற மின்சாரம்தான் உள்ளே வரை போகும் என்று. அவரும் ஒப்புக்கொண்டார். மகளிடம் அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "சூப்பர் அப்பா" என்றாள். மாதேஸ்வரியிடமும் சொன்னேன், பார்த்தாயா, மின்சாரத்தைக் குறைத்தோம், நூல் அடங்கிவிட்டது என்று.

"அடங்கிருச்சுங்ணா" என்றாள்.

இருபது நாள் இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் ஏழு மணிக்கே ஷெட்டுக்குப் போனேன். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு அலுமினியப் போசி. அதில் வெள்ளையாகத் தண்ணீர். எரித்த நூலை அதற்குள் விட்டு, இரண்டு விரலுக்கு நடுவே வழித்து, அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"கஞ்சிங்க."

"என்ன கஞ்சி?"

"சோத்துக் கஞ்சிதானுங்க. வடிச்சது."

"எத்தனை நாளாக?"

"ஆச்சுங்க, ஒரு இருவது நாளு."

நான் சத்தம் போடவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு மச்சான் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். போசியை எடுத்துப்போய்ச் சாக்கடையில் ஊற்றினேன், அவ்வளவுதான். ஜெர்மனியில் நிக்கல் தொட்டி இருக்கிற அறைக்குள் நுழையும்போது செருப்புக்கு மேல் ஓர் உறை போட வேண்டும். தலைக்கு ஒரு குல்லாய். இங்கே தொட்டிக்குள் சோற்றுக் கஞ்சி.

அவள் சுவரோரம் நின்றிருந்தாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"பாவுக்குக் கஞ்சி போடாம எங்கியாச்சும் ஓட்டுவாங்களாங்ணா? நூலு பறக்காதுங்களா? அவன் போட்டு உட்ட பசைய நீங்க எரிச்சுப்போடறீங்க. எரிச்சா வேற ஒண்ணு போடோணுமல்லங்க."

"யாரைக் கேட்டுச் செய்தாய்?"

"கேட்டா வேண்டாம்பீங்கன்னுதானுங்க கேக்கல."

அன்று கஞ்சி இல்லாமல் ஓட்டினோம். அதே ஆறு ஆம்பியர். பத்து மணிக்குள் மூன்று தடவை அறுந்தது. மதியம் மச்சானின் மோட்டார் ஸ்டார்ட்டர் போனது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அறுத்துப் பார்த்தேன், நடு கறுப்பு.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். காரணம் சின்னதுதான். கஞ்சி இழைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ரோலர்களைத் தாண்டிவிடுகிறது. வெதுவெதுப்பான தொட்டிக்குள் போனதும் கரைந்து கையை விட்டுவிடுகிறது. நூல் தண்ணீருக்குள்ளேயே மலர்கிறது. மலர்ந்தால் நிக்கல் நடு வரை போகும். புத்தகத்தில் இதற்கு வேறு பெயரில் வேறு மருந்துகள் இருக்கின்றன, விலையானவை. சோறு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நான்காம் நாள் காலையில் அந்தப் போசியை நானே கழுவி, பழைய இடத்தில் கவிழ்த்து வைத்தேன். அவள் வந்தாள், பார்த்தாள், நிமிர்த்தினாள். நோட்டில் ஆறு ஆம்பியர் வரியை அடிக்கவில்லை. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சாம்பிள் தேறியது. ஹெக்டே போன் செய்து ஆறு கிலோமீட்டர் கேட்டார், தீபாவளிக்கு முன்னால். அதோடு ஒரு படிவமும் வரும், செய்முறையை வரி வரியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஆளையும் அனுப்பிச் சரிபார்ப்போம் என்றார்.

சரி, கை.

ஆவணியில் விரலிடுக்கில் சிவந்திருந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கேட்டேன், தெரியலைங்க என்றாள். பிறகு சின்னச் சின்னக் கொப்புளம். பிறகு தோல் வெடித்தது. அவள் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வேலை செய்தாள். நூலில் துணி சிக்கியது, அதனால் அதையும் கழற்றினாள். தேங்காயெண்ணெய் போட்டுப் பார் என்று சொன்னேன். சொன்னேன் சார், கவனிக்காமல் இல்லை. ஆனால் எண்ணெய் ஒரு சொட்டு தொட்டியில் விழுந்தால் முலாம் உரிந்துவிடும். ஆகவே வேலை நேரத்தில் மட்டும் வேண்டாம் என்றேன். வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளட்டும்.

அந்தச் சமயம்தான் மச்சான் இந்தப் பக்கம் வந்தார். அவள் கையைப் பார்த்தார்.

"எங்கய்யன் என்ன சொல்லுவாரு மாப்ள? மொதல்ல கையப் பாரு, அப்பறம் சாமானப் பாரும்பாரு."

பார்த்தீர்களா, முன்பாதி அதுதான். இப்போது சொல்லும்போதுதான் வருகிறது. கையப் பாரு. அதாவது, தொடுகிற கை எண்ணெயாக இருந்தால் சாமானில் ரேகை விழும். முலாம் அங்கே மட்டும் ஒட்டாது. பழைய பட்டறைக்காரர்களுக்கு அது பெரிய பிரச்சினை. நானும் மச்சானிடம் அதையே சொன்னேன், எண்ணெய் போடக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அவருக்கு இந்த வரிசையில் முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை.

புரட்டாசி மூன்றாம் வாரம், திங்கட்கிழமை, அவள் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. நாலு கிலோமீட்டர்தான் முடிந்திருந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம் இல்லையா? நடு ஆர்டரில். எனக்கு அதுதான். மற்றபடி அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

நானே கஞ்சி வைத்தேன். சிரிக்கிறீர்கள். அக்கா வீட்டுப் பொன்னிப் பச்சரிசியில் வைத்தேன், நூல் பாகுபோல ஒட்டிக்கொண்டது. சோள மாவில் வைத்தேன், தொட்டியில் திரிதிரியாக மிதந்தது. எடை போட்டு, வெப்பம் பார்த்து, எல்லாவற்றையும் எழுதி எழுதி வைத்தேன். ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் நடு கறுப்பு. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பதினேழு வருசம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்து கஞ்சி காய்ச்சறான் பாரு" என்று யாரிடமோ போனில் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையம் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே வரிசை வீடு. அவள் மட்டும்தான் திரும்பி வந்திருக்கிறாள், புருஷன் வாராவாரம் வந்துபோகிறான். வாங்க என்றாள். நாற்காலியைப் புருஷன்தான் எடுத்துப் போட்டான். பட்டறையில் தினமும் பதினோரு மணிக்கு எனக்கு டீ ஊற்றிக் கொடுப்பது அவள்தான். அன்றைக்குப் புருஷனைக் கடைக்கு அனுப்பிப் பேப்பர் கப்பில் வாங்கிவரச் சொன்னாள். அவனையே என் கையில் கொடுக்கவும் சொன்னாள். கப்பைத் தொடக்கூட இல்லை. சொல்லாமல் வேலையை விட்டவள் அவள், வருத்தமும் அவளுக்கே. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கஞ்சி சரியாக வரவில்லை என்றேன்.

"என்ன அரிசிங்க?"

"பொன்னி."

"ஐயே. அது சோத்துக்குங்க. ரேசன் புழுங்கலரிசி போடோணும். வடிச்ச கஞ்சிய அன்னைக்கே தொடப்படாது. ஒரு நா மூடி வெச்சுருங்க. புளிக்கோணும். புளிச்சாத்தான் அது வழுவழுப்பு உட்டு தண்ணியாட்ட ஆவும். அப்பறம் வேட்டித் துணியில ரண்டு மடிப்பு போட்டு வடிங்க. ஒண்ணுக்கு எட்டு தண்ணி. பாவுக்குன்னா துளி எண்ணெய் உடுவோம். நீங்க எண்ணெய் ஆவாதுன்னீங்கல்ல, அதனால அத உட்டுட்டனுங்க."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை, பதிலுக்கு ஒன்று கேட்கவும் இல்லை. எழுதி முடித்து நோட்டை மூடியபோதுதான் கேட்டாள்.

"ஏனுங்ணா, எனக்கு ஒரு கடுதாசி வேணுங்க."

முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். நான் பார்த்தேன். முழங்கை வரை ஏறியிருந்தது.

"தறிக்காரரு வேலைக்கு வேண்டாங்கறாருங்க. பெருநோயி, குஷ்டமுன்னு ஆரோ சொல்லிப்போட்டாங்க. குழாயில என்ற கொடத்தத் தள்ளி வெக்கறாங்க. ஆசுபத்திரிக்குப் போனனுங்க. டாக்டரம்மா பாத்துட்டு, இது தொத்து கெடையாது, நிக்கல் ஒத்துக்கல, இனி அதுல கை வெக்காதேன்னாங்க. அத எழுதிக் குடுங்கன்னா, எங்க வேலை செஞ்சியோ அங்க ஒரு கடுதாசி வாங்கிட்டு வா, அத வெச்சு எழுதறேங்கறாங்க."

புருஷன் பக்கத்தில் நின்று, "ரண்டு வரி போதுங்க. இது தொத்து இல்ல, பட்டறையில நிக்கல் தண்ணியில கை நனைச்சதால வந்ததுன்னு. தறிக்காரரு உங்க கையெழுத்தப் பாத்தா வெச்சுக்கறேன்னுட்டாரு" என்றான்.

அனுப்புகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது?

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேனோ என்னவோ. ஏதாவது தோன்ற வேண்டும் இல்லையா? ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, ஒன்றுக்கு எட்டு என்பதை அளவாக மாற்றிக் கணக்குப் போட்டேன். ஈரோடு வந்ததுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை கஞ்சி வடித்தேன். செவ்வாய்க்கிழமை புளித்தது. புதன்கிழமை ஓட்டினேன், இந்த மடியில் இருப்பது அதுதான். அறுத்துப் பாருங்கள், நடு வரை வெள்ளை. புதுப் பெண் ஒருத்தி கையுறையோடு கோர்க்கிறாள், மெதுவாகத்தான் போகிறது, போகட்டும்.

படிவத்தை வியாழக்கிழமை நிரப்பினேன். முதல் பகுதியில் செய்முறை. நூலைப் பிடிக்கிற பூச்சு எது என்ற இடத்தில் 'புளிக்கவைத்த அரிசிக் கஞ்சி, எங்கள் பட்டறையில் உருவாக்கியது' என்று எழுதினேன். உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். பட்டறைக்கு ஒரு பெயர்தான் இருக்க முடியும். பதினொன்றாம் கேள்வி, இந்த வேலையால் யாருக்காவது உடல்நலக் கேடு உண்டானதா? உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். அடிக்கும்போது அவள் வேலையில் இல்லை. ஆகவே அது பொய் ஆகாது.

சிக்கல் என்னவென்றால் ஹெக்டே ஆள் அனுப்பிச் சரிபார்ப்பேன் என்றிருக்கிறார். ஒரு காகிதத்தில் இல்லை என்று எழுதிவிட்டு, இன்னொரு காகிதத்தில் அதே கையெழுத்தில் உண்டு என்று எழுதினால், அந்த இரண்டாவது காகிதம் குமாரபாளையத்தில் தறிக்காரன் மேசையில் கிடந்தால், எங்கெங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு ஆர்டர், சார். இதற்கு அடுத்தது இல்லை என்று அக்காவிடம் சொன்னேன் அல்லவா?

உங்கள் பெட்டியில் அந்த மாதிரி அரிப்புக்குக் களிம்பு இருக்கிறதா? இது இல்லையா, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டுமா? சரி. பெயர் தெரிந்தால் எழுதித் தாருங்கள், வாங்கி அனுப்பலாம். நிக்கலில் கை வைக்காமல் இருந்தால் தானாக ஆறிவிடும் என்கிறீர்கள். தொத்து இல்லை என்பது யாருக்குமே தெரியும் என்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த டாக்டரம்மாவுக்கும் தெரியும். குழாயடியில்தான் தெரியவில்லை.

வெளியே பாருங்கள், காவிரிப் பாலம் தாண்டிவிட்டது. இடது பக்கம் தெரிகிறதே, அதுதான் குமாரபாளையம். இந்த வண்டி உள்ளே போகாது, பைபாஸிலேயே போய்விடும். தறிச் சத்தம் இங்கே வரை கேட்காது.

என்ன எழுதினேன் என்றா கேட்கிறீர்கள்?

பட்டறைத் தாளில் எழுதினேன். 'மாதேஸ்வரி என்பவர் எங்கள் பட்டறையில் சித்திரை முதல் புரட்டாசி வரை வேலை செய்தார். நேரத்துக்கு வருவார். எல்லோரோடும் இணக்கமாகப் பழகுவார். அவர் நலமாக இருக்க வாழ்த்துகிறோம்.' கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன். இன்று காலை காந்திபுரத்தில் பஸ் ஏறுவதற்கு முன்னால் தபாலில் போட்டேன்.